நகர்மன்றமும் இளைஞர்தம் மாலைப்பொழுதும்

நகராட்சி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருபவை குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய், குப்பை வண்டி ஆகியனவே. குழந்தை பிறந்தால் பிறப்புச் சான்று வேண்டி அவ்வலுவலகத்தின் படியேறுகிறோம். பெரியவர் மறைந்தால் இறப்புச் சான்று வேண்டி மீண்டும் படியேறுகிறோம். இவ்விரு சான்றுகளுக்கும் இடைப்பட்ட நெடிய வாழ்வில், அதிலும் குறிப்பாக 15 வயது முதல் 25 வயது வரையிலான இளமைப் பருவத்தில், நகராட்சிக்கும் நமக்கும் உள்ள உறவு யாது என்று எண்ணிப் பார்த்தால் விடை எளிதில் கிடைப்பதில்லை. வீட்டுவரி செலுத்துபவர் தந்தை. தண்ணீர் வரவில்லை என்று முறையிடுபவர் தாய். இளைஞரோ நகரின் கணக்கேடுகள் எவற்றிலும் இடம்பெறாமலேயே வளர்ந்து, 18 வயது நிறைந்ததும் வாக்காளர் பட்டியலில் திடீரெனத் தோன்றுகிறார்.

இந்நிலை மாற வேண்டும். அம்மாற்றத்திற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. நகருக்கு உரிமையான கட்டடங்களின் கதவுகளை மாலைப்பொழுதில் இளைஞருக்குத் திறந்துவிடுவதே அதன் முதற்படி. மாநகராட்சியாயினும் நகராட்சியாயினும், மக்கள் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு நகர்மன்றமும் இதனைச் செய்ய இயலும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

சட்டம் தரும் இடம்

இளைஞர் நலம் பேணுவது மைய, மாநில அரசுகளின் கடமை. நகர்மன்றத்திற்கு அதில் என்ன வேலை என்று வினவுவோர் உளர். அவர்களுக்கு விடையாக நிற்பது அரசியலமைப்புச் சட்டத்தின் 74ஆம் திருத்தமாகும். 1992இல் நிறைவேற்றப்பட்டு, 1993 சூன் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த அத்திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பொருள்களைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்துகிறது. பூங்காக்கள், தோட்டங்கள், விளையாட்டுத் திடல்கள் போன்ற வசதிகளை அமைத்தல் அவற்றுள் ஒன்று. பண்பாடு, கல்வி, அழகுணர்வு ஆகியவற்றை வளர்த்தல் மற்றொன்று. நகர்ப்புற வறுமையைத் தணித்தல் வேறொன்று. இம்மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கினால், அவை கூடும் இடம் இளைஞரின் வாழ்வே என்பது தெளிவாகும்.

அன்றியும், வாக்குரிமை வயது 21இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது 1989ஆம் ஆண்டிலாகும். சட்டமன்றத்திற்குப் போட்டியிட 25 வயது நிறைந்திருத்தல் வேண்டும். நகர்மன்றத்திற்கோ 21 வயதே போதும். மக்களாட்சியின் மாளிகையில் இளைஞருக்கு மிக அண்மையில் உள்ள வாயில் நகர்மன்றமே என்று சட்டமே கூறிவிட்டது. 2022 பிப்ரவரியில் தமிழகத்தில் நடைபெற்ற நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த சிலர் உறுப்பினராயினர். சென்னை மாநகராட்சியின் மேயர் பொறுப்பை ஏற்றபோது திருமதி பிரியா அவர்களுக்கு வயது 28. வாயில் திறந்தே இருக்கிறது என்பதற்கு இவை சான்றுகள். ஆயினும் ஒரு சிலர் உள்ளே சென்று அமர்வது வேறு. வெளியே நிற்கும் ஆயிரக்கணக்கானோரின் தேவை மன்றத்தின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறுவது வேறு.

வரலாறு தரும் சான்று

1688ஆம் ஆண்டு தோன்றியதும், இந்திய நாட்டு நகராட்சிகளுள் மூத்ததுமாகிய சென்னை மாநகராட்சியின் வரலாற்றில் நாம் பெருமையுடன் நினைக்கத்தக்க ஓர் ஏடு உண்டு. 1920இல் அம்மாநகராட்சியின் தலைவராக விளங்கிய சர் பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியின் மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்க ஏற்பாடு செய்தார். மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிடலாம் என மன்றம் இசைவளித்தது. பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்பதை உணர்ந்த ஒரு நகர்மன்றம், மேலிருந்து ஆணை வரட்டும் என்று காத்திராமல், தன் எல்லைக்குட்பட்ட ஒரே ஒரு பள்ளியில் தொடங்கிய சிறு முயற்சியே அது.

அவ்விதை பின்னர் எவ்வாறு தழைத்தது என்பதை நாடறியும். 1956இல் பெருந்தலைவர் காமராசர் காலத்தில் பள்ளி மதிய உணவுத் திட்டம் மாநில அளவில் விரிந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அவர்கள் அதனைச் சத்துணவுத் திட்டமாக வளர்த்தார். 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. ஓரணாவில் தொடங்கிய ஒரு மன்றத்தின் முடிவு, நூறாண்டுகளுக்குப் பின்னும் தன் வழித்தோன்றல்களைக் காண்கிறது.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? நகர்மன்றம் சிறிது, ஆயினும் அது மக்களுக்கு மிக அருகில் இருப்பது. அருகில் இருப்பவர்க்கே பசி முதலில் தெரியும். அன்றைய மன்றத்தின் கண்ணில் பட்டது மாணவரின் வயிற்றுப் பசி. இன்றைய மன்றங்களின் கண்ணில் படவேண்டியது இளைஞரின் இடப் பசி.

மாலைப்பொழுதின் வெறுமை

இடப் பசி என்று நாம் கூறுவது மிகைச் சொல்லன்று. எம் வகுப்பில் பயின்ற மாணவர் ஒருவர், தேர்வுக் காலங்களில் இரவெல்லாம் பேருந்து நிலையத்தில் அமர்ந்து படித்ததாகக் கூறினார். காரணம் வினவியபோது, “வீட்டில் ஒரே அறை ஐயா. தங்கை உறங்க வேண்டும்; அத்தா அதிகாலையில் கடைக்குச் செல்ல வேண்டும். பேருந்து நிலையத்தில்தான் விடியும்வரை விளக்கு எரியும்” என்றார். அவர் அதனைக் குறையாகக் கூறவில்லை; இயல்பாகக் கூறினார். அவ்வியல்பே எம் நெஞ்சைத் தைத்தது. அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவில் ஒரு நகராட்சிப் பள்ளி உண்டு. அதில் அறைகள் உண்டு, மேசைகள் உண்டு, விளக்கும் மின்விசிறியும் உண்டு. பள்ளி விட்டு ஒரு மணி நேரத்திற்குள் அதன் வாயிலில் பூட்டுத் தொங்கிவிடும். அதே பூட்டு மறுநாள் காலையில்தான் திறக்கப்படும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்து மக்களுள் 48 விழுக்காட்டினர் நகரவாசிகள். நகரம் பெருகப் பெருக வீடுகள் சுருங்குகின்றன. தெருக்கள் வண்டிகளால் நிரம்புகின்றன. பொருள் உள்ளவர் வீட்டுப் பிள்ளைகள் மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தித் தனியார் விளையாட்டுத் திடல்களில் ஆடுகின்றனர். குளிரூட்டப்பட்ட தனியார் படிப்பகங்களில் மாதக் கட்டணம் செலுத்திப் படிக்கின்றனர். பொருளற்றவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு எஞ்சியவை தேநீர்க் கடையின் வாங்கும், பாலத்துச் சுவரும், கைப்பேசியின் சிறு திரையுமே. அங்கே அவர்களைத் தேடி வருபவை எவை என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. போதைப் பொருள் விற்பவன் இளைஞர் எங்கே கூடுகின்றனர் என்பதை நன்கறிவான். நகர்மன்றத்திற்குத்தான் அது தெரிவதில்லை.

மகளிர் நிலையோ இதனினும் இரங்கத்தக்கது. ஆடவருக்குத் தேநீர்க் கடையின் வாங்காவது உண்டு. பெண்மக்களுக்கு அதுவும் இல்லை. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்ய அரசு வழிவகுத்தது. நல்லதொரு திட்டம் அது. ஆயின் பேருந்தில் ஏறக் கட்டணம் இல்லையெனினும், இறங்கி அச்சமின்றி அமர்ந்து படிக்க அவர்களுக்கு இடம் எங்கே இருக்கிறது? கல்லூரி விட்டதும் நேரே வீடு, வீட்டில் அடுப்படி, அதன்பின் எஞ்சிய நேரமே படிப்பு என்று வாழும் மாணவியர் நம்மிடையே பலர்.

மறுகோடியில் ஒரு நகரம்

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. உலகின் வடகோடியில் உள்ள ஐசுலாந்து என்னும் சிறு நாடு, முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இளைஞரின் குடிப்பழக்கத்தால் பெரிதும் கவலையுற்றிருந்தது. 1998இல் அங்கு நடத்திய ஆய்வில், 15, 16 வயதினருள் 42 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய ஒரு மாதத்திற்குள் குடித்து மயங்கியிருந்தமை தெரியவந்தது. 2016இல் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. அறிவுரை கூறும் சுவரொட்டிகளால் மட்டும் விளைந்த மாற்றமன்று இது. பெற்றோர் தம் பிள்ளைகளோடு கூடுதல் நேரம் செலவிடத் தலைப்பட்டனர், சட்டங்கள் இறுக்கப்பட்டன. இவற்றோடு, மாலை நேரத்தில் விளையாட்டு, இசை, கலை ஆகியவற்றைப் பயில இளையோர்க்கு வாய்ப்புகள் பெருக்கப்பட்டன. தலைநகராகிய ரேய்க்யவிக்கின் நகர்மன்றம், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இவற்றில் சேரும் வண்ணம் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் கட்டண உதவி வழங்க முன்வந்தது.

ஐசுலாந்தின் செல்வநிலை வேறு, மக்கள்தொகை வேறு. அதனை அப்படியே இங்குப் பெயர்த்து நடுதல் இயலாது. எனினும் அதன் அடிப்படை நமக்கும் பொருந்தும்: இளைஞரைத் தீய இடத்திலிருந்து விலகுக என்று கூறுமுன், செல்வதற்கு ஒரு நல்ல இடத்தை அவருக்குக் காட்டுதல் வேண்டும்.

மன்றம் செய்யத்தக்கவை

முதலாவதாக, நகர்மன்றத்திற்கு உரிமையான பள்ளிக் கட்டடங்களுள் வட்டத்திற்கு ஒன்றையேனும் மாலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை படிப்பகமாகத் திறந்து வைக்கலாம். புதிய கட்டடம் வேண்டா. குடிநீர், தூய கழிப்பறை, ஒரு காவலர், மதிப்பூதியம் பெறும் ஒரு மேற்பார்வையாளர் ஆகியன போதும். அம்மேற்பார்வையாளர் அதே பகுதியைச் சேர்ந்த வேலை தேடும் பட்டதாரியாக இருப்பின், ஒரு செலவில் இரு நன்மைகள் விளையும். வாரத்தில் சில நாள்களையோ சில அறைகளையோ மகளிர்க்கென ஒதுக்கி, அவர்கள் திரும்பும் வழியில் விளக்குகள் எரிவதையும் மன்றம் உறுதி செய்தல் வேண்டும்.

இரண்டாவதாக, நூலகங்கள். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் அவர்களின் முயற்சிக்குப் பயனாக 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் வழியே, சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து உள்ளாட்சிகளால் தண்டப்படுகிறது. வாடகை வீட்டில் வாழும் ஏழையும் தன் வாடகையின் வாயிலாக இவ்வரியில் பங்கேற்கிறான். ஆதலின் தண்டிய வரியை உரிய காலத்தில் நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைப்பது மன்றத்தின் கடன். அண்மைக் காலத்தில் பல நகரங்களில் எழுந்துள்ள அறிவுசார் மையங்கள் வரவேற்கத்தக்கவை. அவை நகரின் ஒரு மூலையில் காட்சிப் பொருளாக நின்றுவிடாமல், எளியோர் வாழும் பகுதிகளுக்கும் பரவுதல் வேண்டும்.

மூன்றாவதாக, விளையாட்டுத் திடல்கள். பெரிய மனைப்பிரிவுகளை அமைப்போர் நிலத்தில் பத்து விழுக்காட்டைப் பொதுவெளியாக விட்டு உள்ளாட்சியிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்பது விதி. அவ்வாறு பெற்ற நிலங்கள் பல முட்புதர் மண்டியும், கட்டட இடிபாடுகள் கொட்டப்பட்டும் கிடத்தலை நாம் காண்கிறோம். மன்றம் தன் வசமுள்ள அத்தகைய நிலங்களின் பட்டியலை வெளியிட்டு, ஆண்டுக்குச் சிலவற்றையேனும் சமன்செய்து விளக்கிட்டு இளைஞர் கழகங்களிடம் பராமரிப்புக்கு விடலாம். மாபெரும் விளையாட்டரங்கம் ஒன்றினும், நடந்து செல்லும் தொலைவில் உள்ள பத்துச் சிறு திடல்கள் மேலானவை.

நான்காவதாக, தொழிற்பயிற்சி. குடிநீர் வழங்கல், மின்பணி, நில அளவை, கணக்கு, கணினி எனப் பல்வகைப் பிரிவுகளைத் தன்னகத்தே கொண்டது நகர்மன்ற அலுவலகம். தொழில்பழகுநர்க்கென 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதற்கிணங்கத் தொழிற்பயிற்சி நிலைய மாணவரையும் பட்டதாரிகளையும் ஊக்கத்தொகையுடன் சேர்த்துப் பயிற்றுவித்தால், அவர்கள் பணியும் கற்பர்; நகரையும் கற்பர். ஒரு குழாய் உடைப்பைச் சரிசெய்த கை, பின்னர் ஒரு குழாயையும் வீணே திறந்துவிடாது.

ஐந்தாவதாக, குரல். 2022 நவம்பர் முதல் நாளில் தமிழகத்து நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முறையாகக் கூட்டப்பட்டன. ஊராட்சிக்குக் கிராம சபை எவ்வாறோ, நகரின் வட்டங்களுக்குப் பகுதி சபை அவ்வாறு. அக்கூட்டத்தில் இளைஞரின் தேவைகளைப் பேசுவதற்கென ஒரு பொழுதை ஒதுக்குதல் வேண்டும். அவர்கள் கூறியவற்றுள் எதனை ஏற்றோம், எதனை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்று மன்றம் எழுத்தில் விடை தருதல் வேண்டும். கைதட்டும் கூட்டமாக மட்டும் இளைஞரை அழைக்கும் வழக்கம் ஒழிதல் வேண்டும்.

தடைகளும் விடைகளும்

“நிதி எங்கே?” என்பது முதல் தடை. நகர்மன்றங்களின் நிதி நெருக்கடி மெய்யானதே. அதனை நாம் எள்ளவில்லை. ஆனால் நாம் கேட்பது புதிய மாளிகையன்று. கட்டிய கட்டடத்தின் சாவி. பகலில் எட்டு மணி நேரம் பயன்பட்டு எஞ்சிய நேரம் இருண்டு கிடக்கும் கட்டடமே உண்மையில் செலவு மிக்க கட்டடம்.

“இளைஞர் கூடினால் பூசல் விளையும்; பொருள்கள் சேதமுறும்; யார் பொறுப்பேற்பது?” என்பது இரண்டாம் தடை. தலைமையாசிரியர் ஒருவர் சாவியைத் தர அஞ்சுவது இயல்பே. நாற்காலி ஒன்று உடைந்தால் தணிக்கையில் விடை கூற வேண்டியவர் அவரே அல்லவா? ஆகவே மாலைப்பொழுதின் பொறுப்பை அவர் தோளில் ஏற்றாமல், மன்றம் தானே தீர்மானம் நிறைவேற்றி ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். பூசல் பற்றிய அச்சத்திற்கு நம் ஊர்களே விடை. ரமலான் இரவுகளில் நம் தெருக்களில் எத்துணை இளைஞர் கூடுகின்றனர்! திருவிழா நாள்களில் கோயில் வீதிகளில் எத்துணை இளைஞர் திரள்கின்றனர்! அங்கெல்லாம் ஒழுங்கு நிலவக் காரணம், அவர்களிடையே பெரியவர்களும் இருப்பதே. பெரியவர்கள் விலகி நிற்கும் இடத்தில்தான் இளைஞர் வழிதவறுகின்றனர்.

நம் பங்கு

மன்றத்தை நோக்கி ஒரு விரலை நீட்டும்போது மற்ற விரல்கள் நம்மை நோக்குவதை மறக்கலாகாது. நம் சமுதாயத்திற்கு உரிமையான மண்டபங்கள் எத்துணை! திருமண நாள்களில் ஒளிவெள்ளத்தில் மிதக்கும் அவை, ஆண்டின் மற்ற நாள்களில் பூட்டியே கிடக்கின்றன. ஜமாஅத் பெரியவர்கள் மனம் வைத்தால், மஹல்லாவுக்கு ஒரு படிப்பகம் அடுத்த மாதமே திறந்துவிடலாம். அதில் எச்சமயத்துப் பிள்ளையும் வந்தமர்ந்து படிக்கலாம். கல்லூரிகளாகிய நாமும் நம் நூலகங்களின் கதவுகளை மாலையில் சாத்திவிட்டுத்தான் வீடு செல்கிறோம். நம் கதவுகளை முதலில் திறந்துவிட்டு மன்றத்தின் வாயிலில் சென்று நின்றால், நம் கோரிக்கையின் வலிமை பன்மடங்காகும்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். உங்கள் வட்டத்தின் உறுப்பினர் யார் என்பதை அறிந்துகொள்ளுங்கள். அடுத்த பகுதி சபைக் கூட்டம் எந்நாள் என்று கேட்டறியுங்கள். பத்துப் பேர் சேர்ந்து செல்லுங்கள். நீண்ட முழக்கம் வேண்டா, “எங்கள் தெருவின் பள்ளியை மாலையில் எங்களுக்குத் திறந்துவிடுங்கள், பாதுகாப்பதற்கு நாங்கள் துணைநிற்கிறோம்” என்னும் ஒற்றை வேண்டுகோளைக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். முதற்கூட்டத்தில் நிறைவேறாவிடின் அடுத்த கூட்டத்திற்கும் செல்லுங்கள். ஊர் கூடினால்தான் தேர் நகரும். ஆயினும் வடத்தை முதலில் தொடுவதற்கு ஒருவர் வேண்டும்.

பேருந்து நிலையத்து விளக்கொளியில் படித்த அம்மாணவர் இன்று ஒரு பள்ளியில் ஆசிரியர். தன் முயற்சியால் உயர்ந்தார் என்று அவரை நாம் பாராட்டுகிறோம், பாராட்டத்தக்கவரே. ஆனால் அதே நடைமேடையில் அமர இயலாத அவர்தம் தங்கை பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார் என்பதையும் அவரே கூறக் கேட்டோம். அண்ணனின் வெற்றியை நகரம் தன் பெருமையாகக் கொள்ளுமாயின், தங்கையின் இழப்பையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளுதல் முறையன்றோ?

ஓரணாவில் ஒரு தலைமுறையின் பசியைப் போக்கத் தொடங்கிய மரபு நம் நகர்மன்றங்களின் மரபு. இன்று அவற்றிடம் நாம் கேட்பது ஒரு சாவியே. பூட்டிய கதவுகள் திறக்கட்டும், விளக்குகள் எரியட்டும், நம் பிள்ளைகள் உள்ளே வந்து அமரட்டும். அந்நாளை விரைந்து காண நகர்மன்றமும் நாமும் கைகோப்போமாக.